பெட்டி வராமல் கார்டு இல்லை

எந்த கிராபிக்ஸ் கார்டு நல்ல கார்டு என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உன் பெட்டி எங்கே? வேலையை விட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்து, மகன் கேம் ஆடுவதற்கு கார்டு வாங்க வேண்டும், குறைந்த விலையில் எது தேவலாம் என்று கேட்டார். பெட்டியைக் கொண்டு வாருங்கள் என்றேன். "சர்ச்சுக்கா?" என்று அவர் திருதிருவென விழித்தார்.

அதே வாரம் வினோத்தும் போன் செய்தான். வில்லியனூர் கம்ப்யூட்டர் கடையில் நான் உட்கார்ந்திருந்த சர்வீஸ் மேசையில் இப்போது உட்கார்ந்திருப்பவன் அவன்தான்.

"அக்கா, நீலக்காரன் புதுசா ஒரு கார்டு வுட்டுருக்கான். அத பாத்துட்டு பச்சையும் செவப்பும் வெலைய எறக்கிட்டானுங்க. கஸ்டமருங்க வீடியோ பாத்துட்டு வந்து எங்ககிட்ட சண்ட போடுறாங்க. நீங்க எதுனா எழுதிக் குடுங்க, கடை குரூப்புல போட்டுடலாம்."

பச்சை, சிவப்பு, நீலம் என்பது எங்கள் கடைப் பேச்சு. கார்டு வரும் அட்டைப்பெட்டியின் நிறத்தை வைத்துத்தான் கம்பெனியைச் சொல்வோம். பல வருடம் பச்சையும் சிவப்பும் மட்டும் அடித்துக்கொண்டார்கள். இப்போது நீலமும் வந்து சேர்ந்திருப்பது எனக்குச் சந்தோஷம்தான். மூன்று பேர் சண்டை போட்டால் வாங்குகிறவனுக்கு நல்லது. ஆனால் எந்த நிறம் வாங்கலாம் என்று நான் எழுதித் தருவேன் என்று நினைத்தால் வினோத் ஏமாந்துபோவான். எனக்குத் தெரிந்தது வேறு. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். டி.வி. ரிப்பேர் கடையில் நாலு வருடம் ஈயம் உருக்கினேன். கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளை பெற்றேன். வில்லியனூரில் கம்ப்யூட்டர் கடை திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். முதலாளி ஒரு பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை, அதாவது கம்ப்யூட்டருக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டப்பாவை, மேசைமேல் வைத்தார். "இது செத்துப்போச்சா, உயிரோட இருக்கா, சொல்லு" என்றார். மீட்டர் கேட்டேன். கொடுத்தார். உயிரோடு இருக்கிறது என்றேன். மறுநாளிலிருந்து வேலை. கற்றுக்கொண்ட கதை இவ்வளவுதான், அதற்குமேல் நீட்ட ஒன்றுமில்லை.

முதலாளி பெயர் தனசேகரன். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கம்ப்யூட்டர் கடைக்கு முன்னால் அவர் பம்புசெட் மோட்டாருக்கு காயில் கட்டிக்கொண்டிருந்தவர். அதனால் எந்த மெஷினைப் பார்த்தாலும் முதலில் அதன்மேல் உள்ளங்கையை வைப்பார். சூடு பார்ப்பார். அதுவரை வாயைத் திறக்க மாட்டார். கோபம் வந்தாலும் குரல் ஏறாது, கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைப்பார். வாய்விட்டுத் திட்டுகிற முதலாளியாக இருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

அவர் போட்ட சட்டம்தான் பெட்டி வராமல் கார்டு இல்லை என்பது. கேம் ஆட கார்டு வேண்டும் என்று யார் வந்தாலும், கையில் எவ்வளவு பணம் இருந்தாலும், வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டர் பெட்டி கடைக்கு வந்தாக வேண்டும். அதனால் எங்கள் வாசலில் தினமும் வேடிக்கைதான். டி.வி.எஸ். வண்டியில் உர மூட்டை வைக்கும் இடத்தில் பெட்டி வரும். லுங்கியில் மூட்டை கட்டி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். ரைஸ்மில் வீட்டுப் பெட்டி ஒன்றைத் திறந்தபோது உள்ளே ஒரு டம்ளர் தவிடு இருந்தது. புளோயர் அடித்ததில் என் தலையெல்லாம் தவிடு. ஒரு வாரம் எல்லோரும் என்னை மாட்டுத்தீவனம் என்று கூப்பிட்டார்கள்.

பெட்டி வந்ததும் அண்ணன் அதை லேசாகத் தூக்கி அசைத்துப் பார்ப்பார். கழன்ற ஸ்க்ரூ சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பார். பிறகு கேள்வி ஆரம்பிக்கும். "இன்னா ஆட்டம் ஆடுவ? மானிட்டர் இன்னாது? வூட்டாண்ட மோட்டார் ஓடும்போது லைட்டு மங்குதா?" இந்த மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் எவ்வளவு செலவு செய்ய முடியும் என்று கேட்பார். பெட்டியைத் திறந்து, எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட், கார்டு நீளம் உள்ளே அடங்குமா என்று டேப் வைத்து அளப்பது என் வேலை. கட்டி முடித்த பெட்டிக்குள், ஓரமாக, மார்க்கர் பேனாவில் "கட்டியது: இன்னார்" என்று எழுத வேண்டும். நாளைக்குக் கோளாறு வந்தால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டுமாம். வில்லியனூர், பாகூர் பக்கத்தில் எத்தனையோ வீட்டுப் பெட்டிகளுக்குள் "கட்டியது: ஸ்டெல்லா" என்று என் பெயர் இருட்டில் கிடக்கிறது.

அடுத்தது துண்டு டெஸ்ட். இதை வேறு எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. இரண்டு கார்டில் எது என்று ஒருவர் குழம்பினால், அண்ணன் இரண்டையும் இரண்டு மெஷினில் மாட்டச் சொல்வார். ஒரே மாதிரி மானிட்டர், ஒரே ஆட்டம். பெட்டிகள்மேல் ஒரே மாதிரி இரண்டு ஈரிழைத் துண்டு. வந்தவர் இங்கே பத்து நிமிடம், அங்கே பத்து நிமிடம் ஆட வேண்டும். எது நன்றாக இருக்கிறது என்று கை காட்டிய பிறகுதான் துண்டை எடுப்பார். பாதிப் பேர் விலை குறைந்த கார்டைத்தான் காட்டுவார்கள். மீதிப் பேர் வித்தியாசமே தெரியவில்லை என்பார்கள்.

"உனுக்கே தெரியாத வித்தியாசத்துக்கு நீ ஏம்பா காசு குடுக்கற?" என்பார் அண்ணன்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. நம் பக்கத்து வீடுகளில் இருக்கும் சாதாரண மானிட்டர் ஒரு நொடிக்கு அறுபது படம்தான் காட்டும். கார்டு நூற்றிருபது படம் கொடுத்தாலும் கண்ணுக்கு வருவது அறுபதுதான். ஒரு படி பிடிக்கும் பாத்திரத்தில் இரண்டு படி அரிசியைக் கொட்டினால் மிச்சம் தரையில்தானே விழும். ஒருமுறை பச்சைக் கம்பெனி சரக்கு கொண்டுவரும் ஏஜென்ட் எங்களைப் பார்த்துச் சிரித்தான். அவனையே உட்கார வைத்தோம். பத்து பத்து நிமிடம் ஆடிவிட்டு, இதுதான் எங்கள் கார்டு என்று சத்தியமே செய்தான். துண்டை எடுத்தால் சிவப்பு. அன்று அவன் டீ கூட குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

பெட்டி வர வேண்டும் என்ற சட்டம் எவ்வளவு சரி என்பதற்குப் பாகூர் ஏகாம்பரம் ஒருவர் போதும். ஏரிப் பாசனத்தில் நெல் வைத்திருக்கிற மனுஷன். பகல் முழுக்க வயலில் கிடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்து, கம்ப்யூட்டரில் டிராக்டர் ஓட்டிப் பயிர் வைக்கிற ஆட்டம் ஆடுவார். அதற்கென்று எங்களிடம் ஒரு கார்டு வாங்கினார். எட்டு மாதம் கழித்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, கார்டு வேஸ்ட், டிராக்டர் நொண்டுது என்றார். நானே பாகூருக்குப் போனேன். பெட்டியின் பின்பக்கம் பார்த்தேன். மானிட்டர் ஒயர் கார்டில் இல்லை, மேலே மதர்போர்டிலிருக்கும் பழைய ஓட்டையில் சொருகியிருக்கிறது. எட்டு மாதமாகக் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஒயரை மாற்றிச் சொருகினேன். திரையில் டிராக்டர் சர்ரென்று போனது, கதிர் ஒவ்வொன்றாக அசைந்தது.

"எட்டு மாசமா வேலைக்கு ஆள வச்சிக்கினு நானே வரப்புக்கு அண்ட கட்டினு இருந்தனா?" என்றார்.

"பகல்ல பாக்கற வயல் போதலயா ஓய்?" என்று கேட்டேன்.

"இந்த வயல்ல நான் சொன்னா மழ பெய்யுது ஸ்டெல்லாம்மா" என்றார்.

இப்படியெல்லாம் ஊரைக் கேலி செய்த நான் மாட்டிக்கொண்ட கதைக்கு வருகிறேன்.

கொரோனா காலத்தில் கார்டு விலை எங்கேயோ ஏறிப்போய் உட்கார்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அது மெல்ல இறங்கி, பட்ஜெட் கார்டுகள் மறுபடி மனுஷர் கைக்கு எட்டிய சமயம் கலைச்செல்வி வந்தாள். மண்ணாடிப்பட்டுப் பக்கம். முப்பது வயதிருக்கும். பத்து வருடம் மில்லில் நூல் ஓட்டியவள். வேலையை விட்டுவிட்டு, தவளக்குப்பம் ஜங்ஷனில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்திருந்தாள். எட்டு கம்ப்யூட்டர் போட்டு கேம் சென்டர் வைக்கப் போகிறாளாம். ஒரு காலேஜ் ஏலத்தில் எட்டு பழைய மெஷினும் எடுத்துவிட்டாள். இரண்டு பஸ் மாறி, அதில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"அக்கா, மில்லுல கணக்கு முடிச்சிட்டேன். திரும்பப் போனா எடுக்க மாட்டாங்க. எங்க வூட்டுல ஒரு வருஷம் டைம் குடுத்துருக்காங்க. இத ஓட்டிக் காட்டலன்னா அப்பால கரும்பு வெட்டத்தான் போவணும். எட்டுலயும் கேம் நல்லா ஓடணும்."

பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஆபீஸ் மெஷின், நல்ல பிராசஸர். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். சின்னது, கார்டுக்குத் தனியாகக் கரண்ட் கொடுக்க அதில் ஒயரே கிடையாது. அப்படிப்பட்ட மெஷினுக்கு, போர்டில் சொருகும் ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும் கார்டுதான் வேண்டும். அந்த ரகத்தில் பச்சையும் சிவப்பும் ஆளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள். துண்டு போட்டோம். கலைச்செல்விக்கு ஆடத் தெரியாது, ஆனாலும் உட்கார்ந்தாள். கார் ஓட்டும் ஆட்டத்தில் பத்து தடவை சுவரில் மோதிவிட்டு, "மோதும்போது இது கொஞ்சம் நல்லா மோதுதுக்கா" என்று ஒன்றைக் காட்டினாள். விலை குறைந்ததுதான் அது. கடையே சிரித்தது.

மீதி ஏழு பெட்டி எப்போது வரும் என்று அண்ணன் கேட்டார். அவள் முகம் சுருங்கியது. ஏழு பெட்டிக்கு வண்டி பிடிக்க வேண்டும், ஏழும் தவளக்குப்பத்து மாடியில் இருக்கிறது, எட்டும் ஒரே மாடல் என்றாள். நான் குறுக்கே விழுந்தேன். அறையை வாடகைக்கு விட்டவருக்குப் போன் செய்து, அவரிடம் ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் இருக்கும் மாடல் நம்பரைப் படிக்கச் சொன்னேன். ஏழும் ஒரே நம்பர். இந்தப் பெட்டியிலிருக்கும் அதே நம்பர்.

"அண்ணே, ஒன்ன பாத்துட்டோம், ஏழும் அதேதான். பொண்ண ஏன் அலைய வுடணும்?" என்றேன்.

அண்ணன் கண்ணாடியைத் துடைக்கவில்லை. "நீ பாத்துக்கோ" என்றார், அவ்வளவுதான்.

எட்டு கார்டும் வந்தது. எங்கள் வழக்கப்படி எட்டையும் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் ஓட விட்டு, சூடு பார்த்துப் பாஸ் செய்தேன். வியாழக்கிழமை காலை கார்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு தவளக்குப்பம் போனேன். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. ஜங்ஷனில் போர்டு மாட்டியாகிவிட்டது, பத்திரிகை ஊர் முழுக்கப் போய்விட்டது. மாடியேறிக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மூன்று பெட்டி நான் பார்த்தது போல. மீதி ஐந்தும் ஒல்லி. பாதி அகலம்கூட இல்லை. அதே கம்பெனி, அதே கறுப்பு, முகப்பில் அதே நம்பர். ஒரே மாடலைக் குண்டும் ஒல்லியுமாக இரண்டு உடம்பில் விற்பார்கள் என்பது எனக்குத் தெரியாததா? முன்னாலேயே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். நம்பரைக் கேட்டேனே தவிர, குண்டா ஒல்லியா என்று கேட்கத் தோன்றவில்லை.

"ஒல்லியா இருந்தா இன்னாக்கா, உள்ள ஒரே சரக்குதானேன்னு நெனச்சேன்" என்றாள் கலைச்செல்வி.

உள்ளே ஒரே சரக்குதான். ஆனால் நான் வாங்கிய கார்டு அந்த ஒல்லிப் பெட்டியின் அகலத்தைவிட உயரம். மூடி மூடாது, கார்டு நிற்காது. ஒல்லிப் பெட்டிக்கென்று அரை உயரக் கார்டு உண்டு, அதற்கு விலை அதிகம், அன்றைக்குப் புதுச்சேரியில் யாரிடமும் ஐந்து இல்லை. வாங்கிய கார்டைத் திருப்பலாம் என்றால் நான்தான் எட்டு அட்டைப்பெட்டியின் சீலையும் ஆசையாகக் கிழித்து வைத்திருக்கிறேனே. சீல் உடைந்தால் ஏஜென்ட் எடுக்க மாட்டான்.

அவள் அழவில்லை. சுவரோரம் உட்கார்ந்து, முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "மூணு மெஷின வச்சி தொறந்தா சிரிப்பாங்கக்கா" என்றாள். கடைச் சட்டத்தை நான் மீறியதில் அவள் ஒரு வருடத்தைக் கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது. படியிறங்கி வந்து, ஜங்ஷன் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு அண்ணனுக்குப் போன் செய்தேன். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் கண்ணாடியைத் துடைக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"வரேன்" என்றார்.

வந்தார். மாடியேறி ஒரு ஒல்லிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். கையை வைத்தார். அசைத்தார். மூடியைக் கழற்றினார். கார்டை ஸ்லாட்டில் சொருகிப் பார்த்தார், பெட்டியின் விளிம்பைத் தாண்டி அது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆன் செய்தார். படம் வந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை, நீட்டிக்கொண்டிருந்த கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார்டு நல்லாதான் இருக்குது. போர்டு நல்லாதான் இருக்குது. தகராறு பண்றது பொட்டிதான்" என்றார். "அப்ப பொட்டியத் தூக்கிப் போட்டுடு."

"அண்ணே, பெட்டி இல்லாம எப்பிடி?"

"காயில் கட்டின காலத்துல மோட்டார பலகமேல வச்சித்தான் ஓட்டிப் பாப்பேன். மூடினாத்தான் மோட்டாரா?"

இருபத்தைந்து வருடம் பெட்டி, பெட்டி என்று என் உயிரை வாங்கிய மனுஷன் சொன்ன வார்த்தை இது. எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. எதைக் காட்டுவது என்று தெரியாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

அன்று மத்தியானமே ஜங்ஷன் தச்சரிடம் சொல்லி ஐந்து பிளைவுட் பலகை அறுத்து வாங்கினோம். ஒல்லிப் பெட்டிக்குள்ளிருந்து போர்டையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் எடுத்துப் பலகையில் பொருத்தி, பலகையைச் சுவரில் நிறுத்துவதுதான் திட்டம். சொன்னால் ஒரு வரி, செய்யும்போதுதான் தெரியும். போர்டின் பின்பக்கம் பலகையைத் தொடக் கூடாது. அதற்கு இடையில் பிளாஸ்டிக் புஷ், அதாவது சின்னக் குழாய்த் துண்டு, வைத்தோம். ஆபீஸ் மெஷினுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அதன் பழைய ஃபேனும் முன்பக்க ஒயரும் இல்லையென்றால், ஃபேனைக் காணோம் என்று ஒவ்வொரு முறையும் ஆன் ஆகாமல் அடம்பிடிக்கும். அதனால் ஃபேன், சுவிட்சு, முன்பக்க ஒயர் எல்லாவற்றையும் கூடவே பெயர்த்துக் கொண்டுவந்தேன். கார்டு கனத்தில் சாயாமலிருக்க எல் கிளாம்ப் போட்டு முறுக்கினோம். இரும்புப் பெட்டி போய்விட்டதால் எஸ்.எம்.பி.எஸ். டப்பாவிலிருந்து எர்த் ஒயர் தனியாக இழுத்தே ஆக வேண்டும் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். ஐந்துக்கும் அவரே இழுத்தார். கடைசியில் பல்லி பயம். போர்டில் பல்லி ஓடினால் பல்லியும் போகும், போர்டும் போகும். கலைச்செல்வி ஜன்னலுக்கு வாங்கி வைத்திருந்த கொசுவலையைச் சட்டம் கட்டி முன்னால் மாட்டினாள். மில்லில் பத்து வருடம் நூல் ஓட்டிய கை, ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டியது.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தும் சுவரில் நின்றன. ஒவ்வொரு பலகை ஓரத்திலும் வழக்கப்படி "கட்டியது: ஸ்டெல்லா" என்று எழுதினேன். பெட்டிக்குள் எழுதி மூடினால் யாரும் பார்க்க மாட்டார்கள். இது வருகிறவன் போகிறவன் எல்லோர் கண்ணிலும் படும். என் தப்பு என் கையெழுத்தோடு சுவரில் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பையன்களும் பெண்களுமாக ஒரு கூட்டம் மாடியேறியது. டவுனில் ஏசி போட்ட கேம் சென்டரில் ஆடிப் பழகியவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே அண்ணன் எட்டுத் துண்டு வாங்கிவந்து எட்டு மெஷினையும் மூடச் சொல்லியிருந்தார், சூடு வெளியேற மேல்பக்கம் மட்டும் திறந்தபடி. எல்லோரும் மாறி மாறி எட்டிலும் ஆடட்டும், எது நல்ல மெஷின் என்று சொல்லட்டும், சொன்ன பிறகுதான் துண்டு விலகும் என்றார்.

கலைச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் வரை ஆடினார்கள். சித்திரை வெயில், ஃபேன் மட்டும்தான். நேரம் ஏற ஏற, சுவர் பக்கத்து ஐந்துக்கு முன்னால் கூட்டம் சேர்ந்தது. அந்த மூன்றிலும் கொஞ்ச நேரத்தில் ஆட்டம் திக்குகிறது, இந்த ஐந்தில் திக்கவில்லை என்று டவுன் பையன் ஒருவன் சொன்னான். பக்கத்திலிருந்த பெண்ணும் அதையே சொன்னாள். அண்ணன் மெதுவாகப் போய் முதல் பலகையின் துண்டை எடுத்தார்.

"அய்ய, இன்னா இது, தோல உரிச்சி மாட்டி வச்சிருக்காங்க" என்றான் அவன். பிறகு கொசுவலைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். கார்டின் ஃபேன் சுற்றுவதை, சின்ன விளக்கு மினுக்குவதை வாய் பிளந்து பார்த்தான். கூட்டமே பார்த்தது.

அதில் மாயம் ஒன்றுமில்லை. மூடிய பெட்டிக்குள் அந்த வெயிலில் கார்டு சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பலகையிலிருப்பது காற்றில் குளித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இது முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. அடுத்த வாரம் அந்த மூன்றையும் பெட்டியிலிருந்து பிடுங்கிப் பலகையில் ஏற்றினோம். சுவரில் ஓடும் கம்ப்யூட்டரைப் பார்ப்பதற்கென்றே கடலூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாடியேறினார்கள். பார்க்க வந்தவர்கள் ஆடினார்கள். பாகூர் ஏகாம்பரம் வந்து, ஒயர் எதில் சொருகியிருக்கிறது என்று எட்டையும் சரிபார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். வீட்டில் கொடுத்த ஒரு வருடக் கெடு முடிவதற்குள் கலைச்செல்வி இன்னும் நாலு பலகை மாட்டிவிட்டாள். கரும்பு வெட்டப் போகவில்லை.

போன மாதம் நான் வேலையிலிருந்து நின்ற அன்று கடையில் மாலை, கேக், போட்டோ எல்லாம் ஆயிற்று. மேசையில் பார்த்தால் இரண்டு மானிட்டர், பக்கத்தில் துண்டால் மூடிய இரண்டு மெஷின். வினோத் வேலை, கலைச்செல்வியும் கூட்டு.

"அக்கா, எத்தினி பேர உக்கார வச்சி சிரிச்சிருப்பீங்க. இன்னிக்கி நீங்க உக்காருங்க" என்றாள் அவள்.

ஒன்றில் இந்த வருடம் வந்த புதுக் கார்டு, இன்னொன்றில் ஒரு பழைய கார்டு, எது எது என்று சொல்ல வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. டெஸ்ட் பண்ணுவதற்காக அந்தக் கார் ஆட்டத்தின் அதே பாதையை எத்தனை வருடமாக ஓட்டியிருக்கிறேன். எந்தத் திருப்பத்தில் எந்த மரம் நிற்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இடது பக்கம் பத்து நிமிடம், வலது பக்கம் பத்து நிமிடம். தண்ணீர் தெறிக்கும் இடத்தை உற்றுப் பார்த்தேன், நிழல் விழும் இடத்தைப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

"வலதுதான் புதுசு. வழவழன்னு போவுது. நீலமா? நீலமாத்தான் இருக்கும்" என்றேன்.

அண்ணன் வந்து வலது பக்கத் துண்டை எடுத்தார். பிளைவுட் பலகை. இழுத்துக் கட்டிய கொசுவலை. ஓரத்தில் கொஞ்சம் மங்கிப்போன மார்க்கர் எழுத்து, கட்டியது: ஸ்டெல்லா.

யாரும் சிரிக்கவில்லை, நான் சிரிப்பதற்காகக் காத்திருந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதோடேயே சிரித்தேன். அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். கோபம் இல்லாமல் அவர் அதைத் துடைத்து அன்றுதான் பார்த்தேன்.

"துண்ட மூடுங்கண்ணே" என்றேன். "இன்னொரு ஆட்டம் போடறேன்."